பத்து கிராம் தொடுகை

பாதச் சிகிச்சை நிபுணர் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். மூடிக்கொண்டேன். "தொடுறது தெரிஞ்சா 'ஆமா'ன்னு மட்டும் சொல்லுங்க சார்" என்றார். சரி என்றேன்.

வலது கால் பெருவிரலின் அடியில் ஏதோ மெல்லப் பட்டது. "ஆமா." கொஞ்சம் தள்ளி இன்னொன்று. "ஆமா." அப்புறம் ஒன்றுமில்லை. சுவர்க் கடிகாரம் ஓடும் ஓசை கேட்டது. பக்கத்து அறையில் யாரோ தொலைபேசியில் யாருக்கோ நேரம் குறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேறு ஏதாவது எடுக்க எழுந்து போய்விட்டாரோ என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டேன்: "இடது காலை இன்னும் ஆரம்பிக்கலையா?"

"முடிச்சிட்டேன் சார்."

கண்ணைத் திறந்தேன். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பிடி, அதன் முனையில் தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழை. அவ்வளவுதான் கருவி. இப்போது நான் பார்க்கும்படியாகவே இன்னொரு தரம் செய்து காட்டினார். இழையின் நுனி என் இடது முன்பாதத்தில் படுகிறது, வில்லாக வளைகிறது, விலகுகிறது. கால் என்னுடையதுதான். ஆனால் சேதி வந்து சேரவில்லை.

அந்த இழைக்கு மோனோஃபிலமென்ட் என்று பெயர். அது வளையும் கணத்தில் தோலின் மேல் இருக்கும் அழுத்தம் 10 கிராம். அதற்கு மேல் அழுத்தினால் இழை இன்னும் வளையுமே தவிர, அழுத்தம் ஏறாது. யார் கையில் கொடுத்தாலும் ஒரே அழுத்தம்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேக்ஸ் வான் ஃபிரே என்பவர் குதிரை முடியை வைத்து இப்படித்தான் தொடு உணர்வை அளந்தார். பிறகு செம்ஸ், வைன்ஸ்டைன் என்ற இருவர் முடிக்குப் பதிலாக நைலானைக் கொண்டுவந்தார்கள். இந்த 10 கிராம் தெரியாத பாதம், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் உணர்வை இழந்த பாதம் என்பது கணக்கு. நான் அறிவியல் ஆசிரியர். இந்த மாதிரிச் செலவில்லாத, ஏமாற்ற முடியாத கருவிகள் மேல் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு. அன்றைக்கு அந்த மரியாதை வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

எனக்குச் சர்க்கரை வந்து 14 வருடம். ரத்தம், கண், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் கோப்பில் தாள் இருக்கிறது. காலுக்கு ஒரு தாள்கூட இல்லை. நான் வழக்கமாகப் போய்வந்த மருத்துவரிடம் எட்டு வருடம் ஷூவோடு உட்கார்ந்து, ஷூவோடு எழுந்து வந்திருக்கிறேன். கழற்றுங்கள் என்று அவர் சொன்னதில்லை. நானாகவும் கழற்றியதில்லை. அவரை மட்டும் குறை சொல்ல மனமில்லை. வலிக்காத உறுப்பைப் பற்றி யார் பேச்செடுப்பார்கள்?

இதற்கிடையில் ராத்திரியானால் கால் எரியும். போர்வை பட்டாலே சுருக்கென்று குத்தும். அதை வைத்து நான் போட்ட கணக்குதான் தப்பு. எரிகிறது என்றால் உணர்ச்சி இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று தைரியமாக இருந்தேன். கெட்டுப்போன நரம்பு தானாகக் கூச்சல் போடும், வெளியிலிருந்து வரும் சேதியை மட்டும் கொண்டுபோகாது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. எரிகிற காலும் மரத்த காலும் ஒரே காலாக இருக்கலாம். நீளமான நரம்புதான் முதலில் அடிபடும் என்பதால், இது கால்விரல் நுனியில் தொடங்கி சாக்ஸ் போடுகிற வாக்கில் மேலே ஏறும். தொடு உணர்வு மட்டும் போவதில்லை. வியர்வைச் சுரப்பிக்குப் போகும் நரம்பும் கெடுவதால் பாதம் காய்ந்து பித்தவெடிப்பு விடுகிறது. பாதத்துக்குள் இருக்கும் குட்டித் தசைகள் சூம்பிப்போய் விரல்கள் கொக்கி மாதிரி மடங்குகின்றன. மடங்கும்போது முன்பாதத்தின் அடியிலிருக்கும் கொழுப்பு மெத்தை விரல் பக்கம் நகர்ந்துவிட, எலும்பு முனைக்கும் தரைக்கும் நடுவில் வெறும் தோல்தான் மிச்சம்.

என் இடது காலில் அந்த இடத்தில்தான், நடுவிரலுக்கு நேர் கீழே, ஒரு காய்ப்பு. வகுப்பில் நின்றே காலம் தள்ளியவனுக்குக் காய்ப்பு வருவதில் என்ன அதிசயம் என்று விட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஷேவிங் பிளேடால் நானே சீவுவேன். ஒருமுறை கால் ஆணிக்கு ஒட்டும் பட்டை ஒன்றை வாங்கி ஒட்டினேன். அதில் இருப்பது சாலிசிலிக் அமிலம். காய்ப்பையும் கரைக்கும், பக்கத்தில் இருக்கும் நல்ல தோலையும் கரைக்கும். உணர்ச்சி உள்ளவர் எரிச்சல் தாங்காமல் அரை மணியில் பிய்த்துப் போட்டுவிடுவார். நான் மூன்று நாள் ஒட்டிக்கொண்டு பாடம் நடத்தினேன். பிரித்தபோது காய்ப்பைச் சுற்றி நாணயம் அகலத்துக்குத் தோல் வெளுத்து ஊறியிருந்தது. "என்னங்க இது, காலா, நனைஞ்ச காகிதமா?" என்றாள் மனைவி. பாதச் சிகிச்சை நிபுணர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதை விசாரித்துக் கண்டுபிடித்து, நேரம் வாங்கியதும் அவள்தான்.

போகிற நாளை நினைத்தால் கூச்சம். முன்பின் தெரியாத ஒரு சின்னப் பெண்ணின் கையில் என் காலைக் கொடுப்பதாவது என்று இருந்தது. முதல் நாள் இரவு அரை மணி நேரம் வெந்நீரில் காலை ஊறப்போட்டு, கல்லால் தேய்த்து, நகம் வெட்டிக்கொண்டு போனேன். பார்த்ததும் சிரித்துவிட்டார். "எல்லாரும் இப்படித்தான் சார் வருவாங்க, பரீட்சைக்கு வர்ற மாதிரி. இனிமே ஊறப்போடாதீங்க. தண்ணி எவ்வளவு சூடுன்னு உங்க காலுக்குத் தெரியாது. தோலும் நைஞ்சு போகும்." கழுவினால் போதும், தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் காலை விட வேண்டும், விரலிடுக்கில் ஈரம் தங்காமல் துடைக்க வேண்டும். வறட்சிக்கு யூரியா கலந்த கிரீம், ஆனால் விரலிடுக்கில் கூடாது, அங்கே ஏற்கெனவே ஈரம் அதிகம், சேற்றுப்புண்தான் வரும். இதெல்லாம் அவர் ஷூவுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே சொன்னது. ஆமாம், முதலில் அவர் பார்த்தது என் காலை அல்ல, ஷூவை. உள்தகட்டை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காய்ப்பு இருக்கும் இடத்துக்கு நேராக அதில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

அப்புறம்தான் அந்த நைலான் இழை. அதற்கடுத்து அவர் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்ததைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. இசைக்கவை. வருடா வருடம் ஒலியியல் பாடத்தில் நான் ரப்பர் கட்டையில் தட்டி, பையன்கள் காதருகில் பிடித்துக் காட்டுகிற அதே சாமான். இது 128 ஹெர்ட்ஸ், நான் பள்ளியில் வைத்திருப்பவற்றைவிடக் கனத்த சுருதி. தட்டி, அடிக்கட்டையை என் பெருவிரல் எலும்பில் வைத்தார். காதில் ரீங்காரம் கேட்டது. விரலில் ஏதோ ஒரு கம்பி இருப்பது போல இருந்தது, அது அதிருவதாகத் தெரியவில்லை. கணுக்கால் எலும்பில் வைத்தபோது லேசாகத் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே நன்றாகவே தெரிந்தது. அதிர்வு பொருள்கள் வழியே எப்படிப் பரவுகிறது என்று இத்தனை வருடம் கரும்பலகையில் படம் போட்டவனுக்கு, அது எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று என் காலிலேயே ஒருவர் கோடு போட்டுக் காட்டினார்.

ரத்த ஓட்டம் அடுத்தது. பாதத்தின் மேல்புறம் ஓரிடம், உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஓரிடம், இரண்டிலும் விரல் வைத்து நாடி பார்த்தார். பிறகு டாப்ளர் கருவி. பேனா மாதிரி ஒன்றை வைத்ததும் உஷ், உஷ் என்று என் ரத்தம் ஓடும் ஓசையே அறையில் கேட்டது. கையில் ஒரு பட்டை, கணுக்காலில் ஒரு பட்டை கட்டிக் காற்றடித்து, கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். வகுத்து வருவது 0.9க்குக் கீழே இருந்தால் காலுக்குப் போகும் ரத்தக் குழாய் குறுகியிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு 1.4. ஒன்றுக்கும் மேல்! நூற்றுக்கு நூற்று நாற்பது வாங்கியவன் போல நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் முகத்தில் மெச்சுதல் எதுவும் இல்லை. நூற்றுக்கு நூற்று நாற்பது போட்ட விடைத்தாளைப் பார்த்தால் நான் என்ன நினைப்பேனோ அதைத்தான் அவரும் நினைத்தார். சர்க்கரைக்காரர்களுக்குக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போனால், பட்டை அழுத்தினாலும் குழாய் அமுங்காது; எண் பொய்யாக ஏறும். 1.3க்கு மேல் போனால் நம்பக்கூடாதாம். கால் பெருவிரலில் குட்டிப் பட்டை கட்டித் தனியாக அளந்தார், அங்கே அவ்வளவாக விறைப்பு வராது என்பதால். அது பரவாயில்லாமல் இருந்தது. அதற்குப் பிறகுதான் பிளேடைக் கையில் எடுத்தார்.

இந்த வரிசைதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. அழகு நிலையத்திலும் காலை அழகாகத்தான் செய்கிறார்கள், அவர்கள் தொழிலில் எனக்குக் குறையில்லை. ஆனால் அங்கே உணர்ச்சி இருக்கிறதா, ரத்தம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கத்தியை எடுப்பதில்லை. தொட்டியில் ஊறவைத்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். ரத்தம் சரியாக வராத காலில் ஒரு சின்னக் கீறல்கூட ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். பாதச் சிகிச்சை நிபுணர் என்று பெயர்ப்பலகை வைத்திருப்பவர்களிலும் எல்லோரும் ஒன்றில்லை. படிப்பு என்ன என்று கூசாமல் கேட்கலாம். எனக்கு இப்போது இன்னும் சுலபமான அளவுகோல் ஒன்று கிடைத்திருக்கிறது: நாடி பார்க்காமல் பிளேடை எடுப்பவரிடமிருந்து காலை இழுத்துக்கொள்வேன்.

காய்ப்பைச் சீவியதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இடது கை கட்டைவிரலால் தோலை இழுத்து விறைப்பாகப் பிடித்துக்கொண்டார். வலது கையில் அறுவைப் பிளேடு, உறை கிழித்துப் புதிதாக மாட்டியது. பிளேடைப் படுக்கவைத்தபடியே ஒரு தள்ளு. மெல்லிய சீவல் ஒன்று சுருண்டு விழுந்தது, பென்சில் சீவினது மாதிரி. இன்னொன்று. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உணர்ச்சி இருப்பவர்களுக்கும் வலிக்காதாம், செத்த தோல்தானே. அவர் அவசரப்படவே இல்லை. நாலு சீவலுக்கு ஒருமுறை நிறுத்தி விரலால் அழுத்திப் பார்ப்பார். மஞ்சள் நிறம் மெல்ல மங்கி, அடியில் இளஞ்சிவப்பு எட்டிப்பார்க்கும் வரை போக வேண்டும், அதற்கு ஒரு சீவல் முன்னாலேயே நின்றுவிட வேண்டும். நான் ஷேவிங் பிளேடோடு குனிந்து, மூச்சிரைத்து, எதிர்ப்பக்கம் தெரியாமல் வெட்டிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன.

திடீரென்று நிறுத்தினார். கைபேசியில் ஒரு படம் எடுத்து என்னிடம் காட்டினார். காய்ப்பின் நடுவில், பாதி ஒளி ஊடுருவும் தோலுக்குள், கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி.

"அழுக்கா?"

"ரத்தம் சார். காய்ப்புக்கு அடியில கசிஞ்சு உறைஞ்சிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தீங்கன்னா இதுதான் புண்."

காய்ப்பு என்பது தோல் தன்னைக் காத்துக்கொள்ளப் போட்டுக்கொள்ளும் கவசம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஓரளவுக்கு அது சரிதான். ஆனால் அது தடித்துக் கெட்டியானதும், உள்ளங்காலில் நிரந்தரமாக ஒட்டிய கூழாங்கல் மாதிரி ஆகிவிடுகிறது. ஒவ்வொரு அடிக்கும் அந்தக் கல் உள்ளே இருக்கும் நல்ல தசையை எலும்போடு வைத்து நசுக்குகிறது. 1992இல் அளந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள்: காய்ப்பை எடுத்ததுமே அந்த இடத்து உச்ச அழுத்தம் ஏறக்குறைய கால்வாசி குறைந்திருக்கிறது. மருந்து இல்லை, மாத்திரை இல்லை, பத்து நிமிஷ வேலை. ஆனால் எலும்பும் ஷூவும் அப்படியே இருந்தால் சில வாரங்களில் காய்ப்பு திரும்ப வந்துவிடும். எனக்கு எட்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்.

நகம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நேராக வெட்ட வேண்டும், ஓரத்தைத் தோண்டக்கூடாது, முனையை அரத்தால் மழுக்க வேண்டும். பூஞ்சை பிடித்துத் தடித்த நகமென்றால் வீட்டில் கை வைக்கவே வேண்டாம், அவர்களிடம் அதைத் தேய்த்து மெலிதாக்கச் சுழலும் கருவி இருக்கிறது.

ஷூ விஷயத்தில்தான் எனக்கு வாதம் வந்தது. "இது உங்களுக்குச் சின்னது" என்றார். பத்து வருடமாக இதே அளவுதான், ஒருநாளும் கடித்ததில்லை என்றேன். அவர் பதில் சொல்லாமல் தரையில் ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு என்னை ஏறி நிற்கச் சொன்னார். பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டார். அந்தப் படத்தின் மேல் ஷூவைத் தூக்கி வைத்தார். என் கால் இரண்டு பக்கமும் ஷூவுக்கு வெளியே வழிந்துகிடந்தது. "கடிக்கலைன்னு சொன்னீங்க. கடிச்சிருக்கும் சார், உங்களுக்குத் தெரியலை." மரத்த கால்காரர்கள் பெரும்பாலும் ஓர் அளவு குறைந்த ஷூவைத்தான் தேர்ந்தெடுப்பார்களாம். சரியான அளவைப் போட்டால் காலில் ஒன்றுமே இல்லாத மாதிரி, கழன்று விழப்போகிற மாதிரி இருக்கும். இறுக்கிப் பிடித்தால்தான் போட்டிருப்பதே தெரியும். கடையில் நான் எப்போதும் "கிரிப்பா இருக்கணும்" என்று கேட்டு வாங்கியதன் ரகசியம் இதுதான்.

உணர்ச்சி போனால் கால் ஏன் புண்ணாகிறது என்பதை நமக்குச் சொல்லிக்கொடுத்தது தொழுநோய். பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று உலகமே நம்பிய காலம். அவர் நோயாளிகளை உட்கார்ந்து கவனித்தார். சதை கெட்டுப் போகவில்லை. வலி இல்லாததால் அவர்கள் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், ஆணியை மிதித்தபடி நடக்கிறார்கள், காயத்தின் மேலேயே காயம் படுகிறது. அவ்வளவுதான் விஷயம். பின்னாளில் அமெரிக்காவில் கார்வில் என்ற ஊரிலிருந்த தொழுநோய் மருத்துவமனைக்குப் போனவர், சர்க்கரை நோயாளிகளின் கால்களையும் பார்த்தார். இரண்டும் ஒரே கதை என்று கண்டார்.

அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது ஆணி, கண்ணாடித் துண்டு பற்றியது இல்லை. சாதாரண நடை பற்றியது. உணர்ச்சியுள்ள ஒருவர் நெடுந்தூரம் நடந்தால் தன்னையறியாமல் நடையை மாற்றிக்கொண்டே இருப்பார். ஓரிடம் சூடேறியதும் லேசாக நொண்டுவார், பாரத்தை வெளி ஓரத்துக்கு மாற்றுவார், நின்று ஷூவைக் கழற்றி உதறுவார். மரத்த கால் அப்படி மாற்றாது. முதல் அடியை எப்படி வைத்ததோ அப்படியேதான் ஆயிரமாவது அடியையும் வைக்கும், அதே புள்ளியில். எந்த ஓர் அடியும் காயப்படுத்துவதில்லை, எல்லாம் சேர்ந்து காயப்படுத்துகிறது. இதைப் படித்த அன்று மாலை பள்ளி வராந்தாவில் பையன்கள் நடப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை நெளிவு, எத்தனை ஒருக்களிப்பு!

காத்திருக்கும் அறையில் பெரும்பாலும் எனக்கு முன்னால் ஒருவர் இருப்பார். முழங்காலுக்குக் கீழே முழுவதும் கட்டு, கழற்ற முடியாத வகை. முன்பாதத்தில் இருந்த புண்ணுக்குப் போட்டது. பாரத்தைப் பாதம் முழுவதற்கும் காலுக்கும் பரப்பிவிடுகிற கட்டு அது, பிராண்ட் கார்விலில் பரப்பிய முறைகளில் ஒன்று. "கழற்றி மாட்டுற மாதிரி குடுத்தா நல்லா இருக்குமே" என்று அவரிடம் அனுதாபமாகச் சொன்னேன். "முதல்ல அதுதான் தந்தாங்க. நானும் போட்டுக்கிட்டுதான் இருந்தேன்னு சொன்னேன்" என்று கண் சிமிட்டினார். அவர் மட்டும் இல்லை. 2003இல் நோயாளிகளுக்குத் தெரியாமல், கழற்றி மாட்டும் அந்த வகைக் காலணியில் அடி எண்ணும் கருவியை வைத்துப் பார்த்தபோது, ஒரு நாளில் நடக்கும் அடிகளில் 28 சதவீதம்தான் அதை அணிந்து நடந்தது என்று தெரியவந்தது. வீட்டுக்குள் நாலு எட்டுதானே என்று கழற்றிவிடுகிறார்கள். வலி இல்லாத புண்ணுக்கு யார் இத்தனை மெனக்கெடுவார்கள்?

அந்த மனிதருக்கு இது மூன்றாவது புண். ஆறிய புண் திரும்ப வருவது விதிவிலக்கு இல்லை என்று எனக்குச் சொன்னார்கள்: ஒரு வருடத்துக்குள் 40 சதவீதம் பேருக்கு, ஐந்து வருடத்துக்குள் 65 சதவீதம் பேருக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் வருகைக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறுகிறது. உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் சரியாக இருந்தால் வருடம் ஒருமுறை. இரண்டில் ஒன்று குறைந்தால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை. இரண்டும் குறைந்தாலோ, ஒன்று குறைந்து பாதத்தின் வடிவமும் மாறியிருந்தாலோ 3 முதல் 6 மாதம். இப்படிக் குறைபாடு இருந்து, முன்பே புண்ணோ விரல் எடுத்ததோ கடைநிலைச் சிறுநீரகச் செயலிழப்போ இருந்தால் 1 முதல் 3 மாதம். மரத்தும் விரல் மடங்கியும் இருப்பதால் நான் மூன்றாம் ரகம்; எட்டு வாரக் கணக்கு காய்ப்புக்காக.

இன்னொன்றும் அங்கே தெரிந்துகொண்டேன். ஒரு பாதம் மட்டும் திடீரென்று சிவந்து, வீங்கி, தொட்டால் சூடாக இருந்து, வலி அவ்வளவாக இல்லையென்றால், சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. மரத்த காலில் எலும்பும் மூட்டும் உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். சார்கோ பாதம் என்கிறார்கள். நடக்க நடக்க வளைவு சரிந்து, உள்ளங்கால் படகின் அடிப்பாகம் மாதிரி புடைத்துவிடும். அன்றைக்கே காலைத் தரையில் ஊன்றாமல் நிறுத்தி, நிபுணரைப் பார்க்க வேண்டும். புண், கொப்புளம், நிறம் மாறுதல் எதுவானாலும் அப்படித்தான்; திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் சங்கதி இல்லை.

இதெல்லாம் ஒரே ஆள் செய்யும் வேலையும் இல்லை. 1981இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் பாதச் சிகிச்சை நிபுணர், சர்க்கரை மருத்துவர், செவிலியர், அறுவை மருத்துவர், காலணி செய்பவர் என்று எல்லோரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து ஒரு பிரிவைத் தொடங்கினார்கள். சில வருடங்களிலேயே காலை வெட்டி எடுக்க வேண்டிவந்த பெரிய அறுவைகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததாக 1986இல் எழுதினார்கள். அந்தப் பட்டியலில் காலணி செய்பவர் இருப்பதுதான் எனக்கு ரசமாக இருக்கிறது.

வீட்டில் இப்போது ராத்திரி படுக்கப்போகும் முன் ஒரு சடங்கு. கண்ணாடியைத் தரையில் சாய்த்துவைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொள்கிறேன். என் கண்ணுக்குத் தப்புவது மனைவி கண்ணுக்குப் படும். மாதம் ஒருமுறை அவள் என் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியில் தன் ஆள்காட்டி விரலால் ஒரு நொடி மெல்லத் தொடுவாள், இரண்டு காலிலும் சேர்த்து ஆறு தொடுகை. இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் மருத்துவமனையில் வகுத்த முறை, கருவியே வேண்டாம். ஆறில் இரண்டு தெரியாமல் போனாலே போய்க் காட்ட வேண்டும். போன மாதம் அண்ணன் வந்திருந்தபோது அவர் காலையும் பிடித்துப் பார்த்தோம். "உன் வாத்தியார் வேலையை எங்கிட்டயே காட்டுறியா?" என்று சலித்துக்கொண்டே காலை நீட்டினார். ஆறில் மூன்று தெரியவில்லை. மறுநாளே அவருக்கும் நேரம் வாங்கிவிட்டோம்.

நேற்று எனக்கு ஐந்தாவது வருகை. ஷூ புதிது, நீளமும் அகலமும் கூடுதல், உள்தகட்டில் அந்தக் காய்ப்புக்கு நேராகப் பள்ளம் விட்டுச் செய்தது. முதல் ஒரு வாரம் யாருடைய ஷூவையோ மாட்டிக்கொண்டு வந்துவிட்டது போலத்தான் இருந்தது. காய்ப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது. கறுப்புப் புள்ளி இல்லை. அந்த உற்சாகத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். மரத்த நரம்பு பெரும்பாலும் திரும்பாது என்று அவர் சொல்லியிருந்தாலும், ஒரு நப்பாசை.

வலது கால் முடிந்தது. இடது காலுக்கு வந்தார். காதைத் தீட்டிக்கொண்டேன். அவருடைய சட்டைக் கை லேசாகச் சரசரத்தது. "ஆமா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சரசரப்பு. "ஆமா." மூன்றாவது தடவையும் அதே. "ஆமா."

பேச்சில்லை. கண்ணைத் திறந்தேன். இழையைக் காற்றில் தூக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசி ரெண்டு தடவை நான் தொடவே இல்லையே சார்."